பெட்டிக்குள்ள பாம்பு ஏறுன கதை

ஏ தாயி, கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சூடம் காட்டுனது போதும். அது என்னமோ எழுதிக் காட்டுதே, அதை ஒரு தடவையாச்சும் வாசிச்சியா?

வாசிச்சிருக்க மாட்ட. மூனு நாளா திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். எழுத்து வருது, கண்ணை ஓட்டாம ‘ஓகே’ன்னு ஒரு அமுக்கு. மறுபடி எழுத்து வருது. மறுபடி ஒரு அமுக்கு. சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம் நட்டதும் சனம் குடம் குடமாத் தண்ணி கொண்டாந்து ஊத்துதே, அவுக கூட நடுவுல நின்னு மூச்சு வாங்குவாக. நீ வாங்கல.

நம்ம வீரபாண்டி எதுக்குப் பேரு போன ஊருன்னு தெரியுமா? கண்ணுக்கு. பார்வை போன பாண்டிய ராசா இந்த முல்லையாத்துக் கரையில வந்து விழுந்து கும்பிட்டானாம். ஒரு கண்ணைக் கௌமாரியம்மன் கொடுத்தா, இன்னொரு கண்ணைக் கண்ணீஸ்வரமுடையார் கொடுத்தாருன்னு தலபுராணம். ராசா பேருதான் ஊருக்கும். அப்பேர்ப்பட்ட ஊருல பொறந்து, ரெண்டு கண்ணையும் முழுசா வச்சுக்கிட்டு, மூக்குக்கு முன்னால இருக்கிற எழுத்தை வாசிக்க மாட்டேங்குற. அம்மன் என்ன பண்ணுவா? பார்வை கொடுப்பா. வாசிக்கிற பொறுமையை அவ எந்தச் சட்டியில வச்சுக் கொடுக்கிறது?

எனக்கு இங்கிலீசு தெரியாது. அதுதான் என் பலம். தெரியாத எழுத்து வந்தா அடுத்தவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, அர்த்தம் கேட்டு, அதுக்கப்புறந்தான் கையெழுத்துப் போடுவேன். உனக்கு இங்கிலீசு தெரியும். அதனாலதான் நீ வாசிக்கிறதே இல்ல.

சரி, உன் ஆசையைக் குறை சொல்லல. பதினொன்னாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்துல சி பிளஸ் பிளஸ்ஸாம், பன்னெண்டாம் வகுப்புல பைத்தானாம். ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்குறதுக்குள்ள நாமளே வீட்டுல போட்டுப் பழகிருவோம்னு நெனைச்ச. லீவுல இப்படி நெனைக்கிற பிள்ளை நம்ம வம்சத்துல நீதான் மொத ஆளு. உங்கப்பன் லீவுல ஆத்தை விட்டு ஏறுனதே இல்ல.

பைத்தான்னா மலைப்பாம்புன்னு நீ சொன்னதும் எனக்கு மேகமலை ஞாபகம் வந்துருச்சு. பாம்பு படம் போட்ட சாமானை வீட்டுக்குள்ள ஏத்துறாளே, நல்லதான்னு உங்க அப்பத்தாவும் பதறிட்டா. பெறகுதான் சொல்ற, பாம்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைன்னு. நெதர்லாந்துக்காரர் ஒருத்தர், கீடோ வான் ரோசம்னு பேரு, 1989 கிறிஸ்துமஸ் லீவுல பொழுது போகாம இதை எழுத ஆரம்பிச்சாராம். இங்கிலாந்து டிவியில வந்த ‘மான்டி பைத்தான்’ங்கிற சிரிப்பு நாடகம் அவருக்குப் புடிக்குமாம், அதான் அந்தப் பேராம். பொழுது போகலைன்னா நம்ம ஊருல சீட்டுக்கட்டைத் தேடுவான். அந்தாளு ஒரு பாஷையையே பண்ணிட்டார். நாம அதைப் பெட்டியில ஏத்துறதுக்கே மூனு நாளா முக்குறோம்.

பெட்டியும் பெட்டிதான்! உங்க சித்தி பிளஸ்டூ படிக்கிறப்ப அரசாங்கம் கொடுத்த விலையில்லா மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15ல, அண்ணா பொறந்த நாளன்னைக்கு ஆரம்பிச்ச திட்டம். சித்தி அதுல படிச்சு, வேலைக்குப் போயி, கல்யாணமாகி, ரெண்டு பிள்ளை பெத்துட்டா. பெட்டி மட்டும் இன்னும் விண்டோஸ் 7லயே நிக்குது. அதுக்கு வயசாச்சு. நீ கோவிச்சுக்கிட்டு அதை ரெண்டு தட்டுத் தட்டுறப்ப என் முதுகுல தட்டுற மாதிரியே இருக்கு.

உதவிக்கு வந்த கூட்டம் இருக்கே, அது அக்கினிச்சட்டிக் கூட்டத்தையே தோக்கடிச்சிருச்சு. கோம்பை மாமா வந்தார். ‘வைரஸ்மா, பூராம் வைரஸ்’னார். போன வருசம் மிக்ஸி ஓடலைன்னப்பவும் இதையேதான் சொன்னார். சின்னம்மா ‘நெட்டு ஸ்லோ’ன்னா. தேனியில கம்ப்யூட்டர் பாக்குற பய இருக்கானே, அவன் பெட்டியைப் பாக்காமலே போன்ல தீர்ப்புச் சொல்லிட்டான்: ‘பார்மட் அடிச்சிரலாம்.’ தலைவலிக்குத் தலையை எடுத்துட்டு வேற தலை வைக்கிற வைத்தியம். சித்தி கல்யாணப் போட்டோ பூராம் அதுலதான் இருக்கு, அது என்ன ஆகும்னு கேட்டேன். போனை வச்சுட்டான். செலவில்லாத வைத்தியம் பண்ணது உங்க அப்பத்தா ஒருத்திதான். திருநீறு.

ஒருத்தராச்சும் ‘அதுல என்ன எழுதியிருக்கு’ன்னு கேட்டாகளா? கேக்கல. கேட்டா வைத்தியம் முடிஞ்சு போயிரும், பெறகு காப்பி குடிக்க என்ன சாக்கு இருக்கு?

மொத நாளு நீ இறக்குனது அன்னைக்குத் தேதிக்கு வந்த புத்தம்புதுப் பைத்தான். ஏத்தப் போனா, ‘உன் விண்டோஸ் பழசு, எனக்குப் புதுசு வேணும், இல்லைன்னா போயி பழைய பைத்தானை எடுத்துக்க’ன்னு அதுவே சொல்லிருச்சு. உன்னைய சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? நோயும் அதுல இருக்கு, மருந்தும் அதுல இருக்கு. நீயோ அதை மூடிட்டு அதே புதுசைத் திரும்ப இறக்குன. மூனு தடவை. சிங்கிள் பேஸ் வீட்டுல மூனு பேஸ் மோட்டாரைக் கொண்டாந்து வச்சுட்டு, மோட்டார் கம்பெனியைத் திட்டுற கதை. பைத்தான் 3.9ல இருந்து விண்டோஸ் 7ல ஏறாதாம். அதுக்கு ஏத்தது 3.8 வரிசைதான், அதுலயும் ஏத்துற கட்டோட வந்த கடைசி உருப்படி 3.8.10. பழசுன்னு மூஞ்சியைச் சுளிக்காத. உன் பாடப்புத்தகத்துல இருக்கிற அம்புட்டும் அதுல ஓடும்.

3.8.10ஐ இறக்குன. அதுவும் ஏறல. உடனே கண்ணுல தண்ணி. வாசின்னேன். ‘இந்தக் கட்டு உன் பெட்டியோட பிராசசர் வகைக்கு ஒத்து வராது’ன்னு எழுதியிருந்துச்சு. அப்ப பெட்டி 32 பிட்டா, 64 பிட்டான்னு பாக்கணும். ‘கம்ப்யூட்டர்’ங்கிற படத்துமேல வச்சு வலது பக்கத்தை அமுக்கி, ‘பிராப்பர்ட்டீஸ்’னு போனா, ‘சிஸ்டம் டைப்’னு ஒரு வரி. 32 பிட்டுன்னு இருந்துச்சு. நீ இறக்குனது 64.

பிட்டுன்னா என்னன்னு கேட்டேன், நீ சொன்னது எனக்குப் புடிச்சிருந்துச்சு. பெட்டியோட ஞாபகத்துல ஒவ்வொரு எடத்துக்கும் வீட்டு நம்பர் உண்டாம். 32 பிட்டுன்னா 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 வீடு வரைக்கும் நம்பர் போடலாம். அதுக்கு மேல வீடு கட்டுனா தபால்காரனுக்குத் தெரியாது. 64 பிட்டுக்காரன் அதைவிட நீள நம்பரைக் கேட்டுக்கிட்டு வர்றான், நம்ம தெருவுல அம்புட்டு நீளப் பலகை இல்ல. அவ்வளவுதானே? இதுக்கா ராச்சோறு திங்காம படுத்த?

மூனாவதா ஒன்னு வந்துச்சு பாரு, அதுதான் கூத்து. ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி-ரன்டைம்’னு ஆரம்பிச்சு மூச்சு முட்டுற பேரு, கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் வகையறா மாதிரி. அந்தக் கோப்பைக் காணோமாம். நீ என்ன பண்ணப் போன? எவனோ ஒருத்தன் ‘அந்தக் கோப்பு மட்டும் தனியா இங்க கிடைக்கும், இலவசம்’னு கடை விரிச்சிருந்தான், அதை எடுக்கப் போன. ரோட்டோரம் கிடந்த மாத்திரையை எடுத்து வாயில போடுவியா? அந்தக் கோப்பு தனி ஆளு இல்ல, விண்டோஸோட வீட்டுப் பிள்ளை. விண்டோஸ் 7க்கு ‘சர்வீஸ் பேக் 1’ஐயும் அதுக்கப்புறம் வந்த அப்டேட்டுகளையும் போட்டாத்தான் பைத்தான் 3.8 குடியிருக்கும். சித்தி அந்தப் பெட்டியில சினிமாப் பாட்டு ஏத்துனாளே தவிர அப்டேட்டு ஏத்துனதே இல்ல. சொந்த வீட்டுக்காரன்கிட்ட இருந்தே அப்டேட்டை வாங்கிப் போட்ட, அணைச்சு எழுப்புன, தாய்மாமன் வந்து சேந்துட்டார்.

இங்கன நிறுத்தி ஒரு பழைய அவமானத்தைச் சொல்லிடுறேன். எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திப் பாக்குற புத்தி எங்கிட்டயும் இருந்துச்சு.

கிணத்துல அஞ்சு எச்.பி. மோட்டார் போட்ட புதுசு. ஒருநாள் மோட்டார் ஓடுது, தண்ணி வரல. கரும்பு காயுது, எனக்கோ அவசரம். பீஸ் கட்டையை மாத்துனேன், கண்டன்சரை மாத்துனேன், கிணத்துக்குள்ள இறங்கி புட் வால்வைக் கழத்தி வேற போட்டேன். எல்லாம் ஒரே மூச்சுல. தண்ணி வந்துச்சு. எதனால வந்துச்சுன்னு கேட்டா தெரியாது. மறு மாசம் மறுபடி நின்னுச்சு, மறுபடி மூனையும் மாத்துனேன். மூனாந்தடவை காசு இல்லாமத்தான் ஒரு கிழட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் மோட்டாரைத் தொடவே இல்ல. ‘ஓடுற மோட்டாருக்கு எதுக்குய்யா பீஸ் கட்டையை மாத்துன?’ன்னு கேட்டார். பதில் இல்ல எங்கிட்ட. குழாயில காதை வச்சார். ‘சக்சன்ல காத்துப் புடிக்குது’ன்னார். ஜாயிண்ட்டுல ஒரு வாசரைப் போட்டார். வாசர் நாலு ரூபா. நான் புட் வால்வைக் கழத்தி மாட்டுறப்ப அந்த ஜாயிண்ட்டும் சேந்து இறுகுச்சு, அதான் ஒரு மாசத்துக்குத் தண்ணி வந்திருக்கு.

நீயும் நேத்து அதைத்தான் பண்ண. பைத்தானைக் கழத்துன, வேற எடத்துல போட்ட, வைரஸ் தடுப்பை அணைச்ச, நெட்டை மாத்துன, எல்லாத்தையும் சேத்துப் பண்ணிட்டு ‘அய்யய்யோ, இப்ப வேற எழுத்து வருது’ன்னு அழுத. வேற எழுத்து வந்தா சந்தோசப்படணும் கழுதை! பழைய வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்கு வந்துட்டேன்னு அர்த்தம். அதே எழுத்து திரும்பத் திரும்ப வந்தாத்தான் அழணும்.

இப்ப பெரிய வாசலுக்கு வருவோம். ஏத்தியாச்சு. ‘வெற்றி’ன்னு அதுவே சொல்லிருச்சு. உங்க அப்பத்தா பாயாசம் வைக்கக் கெளம்பிட்டா. கமாண்டு அடிக்கிற கருப்பு ஜன்னலைத் தெறந்து ‘பைத்தான்’னு அடிக்கிற, அது சொல்லுது: அப்படி ஒருத்தரை உள்ளேயும் தெரியாது, வெளியேயும் தெரியாது. இங்கிலீசுல நீ வாசிச்சுக் காட்டுனப்ப சிரிச்சுட்டேன். ‘இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல்’னு சுத்தமாச் சொல்லுது பாரு. உள்ளூர்க்காரனும் இல்ல, வெளியூர்க்காரனும் இல்ல, யாருய்யா நீன்னு திருவிழாப் பந்தல்ல போலீஸ்காரர் கேக்குற மாதிரி. இப்பத்தானே ஏத்துனோம், அதுக்குள்ள தெரியாதுன்னா எப்படி?

தாயி, இதுக்குப் பதில் நம்ம வயக்காட்டுலயே ஓடுது.

பெரியாறுங்கிறது மலைக்கு அங்கிட்டு மேக்க பாத்து ஓடுற ஆறு. தண்ணி அம்புட்டும் மலையாளத்துப் பக்கம் போயி கடல்ல விழுந்துச்சு. இங்கிட்டு நம்ம பாட்டன்மாரு வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னாக. தண்ணி இல்லாமலா போச்சு? இருந்துச்சு. பாதைதான் இல்ல. பென்னிகுயிக் துரை 1887ல அந்த ஆத்துல அணை கட்டுற வேலையை ஆரம்பிச்சார். கட்டுனதை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. மறுபடி கட்டுனார். 1895ல தண்ணி விட்டாக. எல்லாரும் அணையைத்தான் பேசுவாக. நான் சுரங்கத்தைச் சொல்லுவேன். மலையைக் குடைஞ்சு ஒரு மைல் நீளத்துக்கு வழி பண்ணி, தண்ணியைக் கிழக்க திருப்புனாகளே, அது இல்லைன்னா அணை வெறும் குளம். லோயர்கேம்ப்ல இருந்து பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளையுதுன்னா அந்தப் பொந்து வழியா வந்த தண்ணியிலதான். அதுக்குத்தான் கம்பம் பள்ளத்தாக்குல சனம் தைப்பொங்கலோட சேத்து ஜனவரி 15ல வெள்ளைக்காரருக்கும் பொங்க வைக்குது.

உன் பெட்டியில இப்ப அணை கட்டியாச்சு, சுரங்கம் தோண்டல. பைத்தான் ஏதோ ஒரு மூலையில, அறைக்குள்ள அறைக்குள்ள அறையில, சொகமா உக்காந்திருக்கு. கருப்பு ஜன்னல் அதைத் தேடணும்னா எந்தெந்தத் தெருவுல தேடணும்னு ஒரு பட்டியல் வேணும். அந்தப் பட்டியலுக்குப் பேரே ‘பாத்’தாம். பாதை! தான் நிக்கிற தெருவை மொதல்ல பாத்துட்டு, அதுல எழுதியிருக்கிற தெருவுல மட்டுந்தான் அது வரிசையாப் போயி கதவைத் தட்டும். வேற தெருவுல ராசாவே குடியிருந்தாலும் கண்டுக்காது.

ஏத்துறப்ப மொத பக்கத்துலயே, கீழ, ஓரத்துல, ஒரு சின்னக் கட்டம் இருந்துச்சே. ‘பாதையில என்னையச் சேத்துக்க’ன்னு. டிக் அடிக்காமத்தான் வரும் அது. நீதான் அடிக்கணும். நீ மேல பெருசா இருந்த பொத்தானைப் பாத்த, அமுக்குன, போயிட்ட. பத்திரத்துல கூட வில்லங்கம் கீழதான் இருக்கும், பொடி எழுத்துல.

‘அப்ப மறுபடி கழத்தி மாட்டணுமா தாத்தா?’ன்னு கேட்ட. தேவையில்ல. அதே ஏத்துற கட்டைத் திரும்பத் தெறந்தா ‘மாத்து’ன்னு ஒரு வழி இருக்கு, அதுக்குள்ள அதே பாதை டிக் இன்னொரு தடவை வரும். நீ அடிச்ச. அடிச்சுட்டு அதே பழைய கருப்பு ஜன்னல்ல வந்து கேட்ட, அது ‘தெரியாது’ன்னே சொல்லுச்சு. எனக்கே ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறந்தான் வெளங்குச்சு. அந்த ஜன்னல் பாதை மாறுறதுக்கு முந்தியே தெறந்தது. பைபாஸ் போட்டது தெரியாத பழைய பஸ் டிரைவர் ஊருக்குள்ளயே சுத்துவாரே, அது மாதிரி. அவரோட சண்டை போடக்கூடாது. அவரை வீட்டுக்கு அனுப்பிட்டு வேற ஆளைக் கூப்பிடணும். மூடிட்டுப் புதுசாத் தெறந்த. வந்துருச்சு. மூனு கூர்மூக்கு அம்புக்குறி. அம்புட்டு அமைதியா வந்து நின்னுச்சு, இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் காரணம் நானில்லைங்கிற மாதிரி.

இதுல எனக்கு வேற ஒரு சிரிப்பு இருக்கு, சொல்லவா? இந்த அரசாங்கப் பெட்டியில ரெண்டு குடித்தனம். ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் ‘பாஸ் லினக்ஸ்’னு ஒன்னு. பாரத் பேரை வச்சு, சென்னையில இருக்கிற அரசாங்கக் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி மையம் சி-டாக் பண்ணது. பொத்தானைப் போட்டதும் ‘எந்த வீட்டுக்குப் போற?’ன்னு பெட்டி கேக்கும். சித்தி ஒரு நாளும் அங்கிட்டு எட்டிப் பாத்ததில்ல, நீயும்தான். அந்த வீட்டுல பைத்தான் ஏற்கெனவே படுத்திருக்கு! லினக்ஸ்காரனுக்கு அது இல்லாம வேலையே ஓடாது, அதனால கூடவே வச்சு அனுப்புவான். மூனு நாளா நாம வெளியூர்ல மாடு தேடுறோம், பின்னால தொழுவத்துல ஒன்னு அசை போட்டுக்கிட்டு நிக்குது. ஆனா குதிக்காத. அது கிழட்டு மாடு. ரெண்டாம் வரிசைப் பைத்தான். உன் புத்தகம் மூனாம் வரிசை. 2020 ஜனவரி 1ஓட ரெண்டுக்கு ஓய்வு கொடுத்துட்டாக. அதுல ‘பிரின்ட்’டுக்கு அடைப்புக்குறி கூட வேண்டாம்; மூனுல போடாட்டிக் கொன்னுரும். பரீச்சையில ரெண்டையும் குழப்பிட்டு வந்து நிக்காத.

தமிழ்லயே எழுதுற பாஷை கிடையாதான்னு உங்கப்பன் கேட்டான். ஏன் இல்ல? முத்து அண்ணாமலைன்னு ஒருத்தர் ‘எழில்’னு பண்ணியிருக்கார். ‘பதிப்பி’ன்னு எழுதுனா அடிச்சுக் காட்டும், ‘முடி’ன்னா முடியும். நல்ல காரியம். ஆனா அந்த எழிலும் பைத்தான் தோள்மேலதான் உக்காந்து சாமி பாக்குது. ஆக, அதுக்கும் மொதல்ல இந்தப் பாம்பு வேணும்.

சரி, பாம்பு வந்துருச்சு. நேத்து சாயங்காலம் மொத வேலையா ஆமை வரையறேன்னு உக்காந்த. பைத்தானுக்குள்ள ‘டர்ட்டில்’னு ஒரு ஆமை இருக்காம்; முன்னால போன்னா போகும், திரும்புன்னா திரும்பும், போற வழியெல்லாம் கோடு போடும். உங்கப்பனைவிட நல்ல பிள்ளை. நீ நோட்பேடுல எழுதி வச்ச. ஓடல. ஏன்னா நீ ‘பிஒய்’ வாலு போட்டு வச்சதுக்குப் பின்னால நோட்பேடு தன் பங்குக்கு ‘டிஎக்ஸ்டி’ன்னு இன்னொரு வாலு ஒட்டிருச்சு. விண்டோஸ் அதை மறைச்சிருச்சு. மேல வேட்டி, உள்ள டவுசர். வாலை மறைக்கச் சொல்லியிருந்த டிக்கை எடுத்ததும் தெரிஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் வந்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச தப்பு.

அந்தக் கோப்புக்கு நீ வச்ச பேரும் ‘டர்ட்டில்’. ஆமை வரையிற கோப்புக்கு ஆமைன்னு பேரு, ஞாயந்தானே? ஓட்டுனா, ‘டர்ட்டிலுக்குள்ள டர்ட்டிலே இல்ல’ன்னு அழுவுது. பைத்தான் பாவம், நீ ‘டர்ட்டிலைக் கூப்பிடு’ன்னதும் மொதல்ல பக்கத்துல, உன் கோப்பு இருக்கிற வீட்டுக்குள்ளதான் தேடும். அங்க அதே பேருல உன் கோப்பு உக்காந்திருக்கு. அதையே கூட்டியாந்துருச்சு. உன் கோப்பு தன்னையே கூப்பிட்டு, தன்கிட்டயே ஆமையைக் கேட்டு, தன்கிட்ட இல்லைன்னு தானே சொல்லுது. அடைப்புக்குறிக்குள்ள ‘சுத்திச் சுத்தித் தன்னையே கூப்பிடுறியோன்னு சந்தேகம்’னு வேற பைத்தான் எழுதியிருக்கு. வாசிச்சியா? கோம்பை மாமாவுக்குப் போன் போட்ட. அவர் வைரஸ்னார்.

பேரு வைக்கிறதுல நம்ம ஊருக்குப் பாடம் எடுக்க ஆளு வேணுமா? கம்பம் பள்ளத்தாக்குல பிள்ளைக்குப் பென்னிகுயிக்னு பேரு வைப்பாக. ஒரே வகுப்புல ரெண்டு பென்னிகுயிக் உக்காந்தா வாத்தியார் பாடு என்ன ஆகும்? நம்ம வீட்டையே பாரு. உங்க அண்ணனுக்கு என் பேரு. ஆனா எந்த நாளாச்சும் நான்னு நெனைச்சு அவனுக்கு வெத்தலை இடிச்சுக் கொடுத்திருக்காகளா? இல்ல. ஏன்னா உங்க அப்பத்தா புருசன் பேரை வாயால சொல்ல மாட்டா. பேரனைக் கூப்பிடணும்னா ‘ஏ பேருக்காரா’ம்பா. அவ கம்ப்யூட்டர் படிக்கல, ஆனா ஒரு வீட்டுல ஒரே பேருல ரெண்டு பேர் இருந்தா எப்படிக் கூப்பிடணும்னு அவளுக்குத் தெரியும். நீ கோப்புப் பேரை ‘சதுரம்’னு மாத்துன. ஆமை கெளம்பிருச்சு. நாலு திருப்பம், நாலு கோடு. தொடங்குன எடத்துக்கே வந்து நின்னுச்சு. பாயாசம் ஆறிப் போயிருந்தாலும் குடிச்சோம்.

இன்னைக்குக் காலையில என்னைய வம்புக்கு இழுத்த பாரு, அதுக்கு இன்னும் பதில் சொல்லல. ‘தாத்தா, வீரபாண்டிக்கு எத்தனை எழுத்து?’ன்ன. வீ, ர, பா, ண், டி. அஞ்சுன்னேன். பைத்தான் ஒம்பதுன்னு சொல்லுதுன்ன. நானும் விரலை விட்டு ரெண்டு தடவை எண்ணிட்டேன், அஞ்சுதான். அது வீயை ‘வ’ ஒன்னு, சுழி ஒன்னுன்னு ரெண்டா எண்ணுதாம். பாவுக்கு ரெண்டு, ண்க்கு ரெண்டு, டிக்கு ரெண்டு. ‘ர’ மட்டுந்தான் ஒத்தையாத் தப்பிச்சுது. யூனிகோடுல நம்ம எழுத்தை அப்படித்தான் துண்டு துண்டா அடுக்கி வச்சிருக்காகளாம். அதைக் கோளாறுன்னு நெனைச்சு நீ மறுபடி பைத்தானைக் கழத்தப் போன, கையைப் புடிச்சு நிறுத்துனேன். அது எண்ணச் சொன்னதை எண்ணியிருக்கு. எழுத்தா எண்ணணும்னா ‘ஓப்பன்-தமிழ்’னு ஒரு சாமான் இருக்காமே, அதைச் சேத்துக்கிட்டா அஞ்சுன்னு ஒழுங்காச் சொல்லுமாம்.

அதை நாளைக்குப் போடுறேன்னு சொல்லிட்டு எந்திரிக்கிற. நாளைக்குச் செவ்வாக்கிழமை, லைன் வேலை, காலை ஒம்பது மணிக்குக் கரண்டு போனா சாயங்காலந்தான் வரும். அந்தப் பெட்டிக்குப் பேட்டரி செத்து ரெண்டு வருசமாச்சு. இன்னைக்கு ராத்திரியே போட்டுரு. எழுத்து எதுவும் வந்தா என்னைய எழுப்பு, நீ வாசி, நான் அர்த்தம் கேக்குறேன்.